பல வேடம் புனைந்த சாம் ஜாஃபி

ஆங்கிலப் படம் ஒன்றைக் கண்டுவிட்டுத் திரையரங்கை விட்டு வெளியே வரும்போது நம்மில் பலருக்கு ஓர் அனுபவம் நேர்வதுண்டு. கதாநாயகனின் பெயரும் நாயகியின் பெயரும் விளம்பரத்திலேயே பெரிய எழுத்துகளில் இருந்தமையால் அவர்களைப் பற்றி ஐயம் எழுவதில்லை. ஆயினும் வீடு வந்து சேர்ந்த பின்னும் மனத்தை விட்டு அகலாமல் நிற்பது வேறொரு முகமாக இருக்கும். இரண்டு காட்சிகளில் மட்டும் தோன்றிய ஒரு கிழவர், ஒரு மருத்துவர், ஒரு கணக்கர், ஒரு கைதி. "அவரை முன்பே எங்கோ பார்த்திருக்கிறோமே, அவர் யார்?" என்று நாம் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறோம். விடை பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இத்தகையோரையே குணச்சித்திர நடிகர்கள் என்கிறோம். நாயக நடிகர் எந்தப் படத்தில் தோன்றினாலும் தம்முடைய முகத்தையும் நடையையும் உடன் கொண்டுவருகிறார். மக்கள் விரும்பிக் காண வருவதும் அதனையே. குணச்சித்திர நடிகரோ தம்மை வாயிலிலேயே விட்டுவிட்டு உள்ளே நுழைய வேண்டியவர். அமெரிக்கப் படநிலையங்கள் இவர்களை நூற்றுக்கணக்கில் பயன்படுத்தின. எனினும் பெரும்பாலானோரை ஒரே அச்சில் வார்த்துவிட்டன. ஒருவர் என்றும் போலீஸ்காரர், மற்றொருவர் என்றும் குடிகாரர், வேறொருவர் என்றும் வீட்டுப் பணியாளர். அந்த அச்சுக்குள் அடங்காது நின்றவர் சிலரே. அவர்களுள் ஒருவரான சாம் ஜாஃபி என்பவரைப் பற்றி இங்கு நாம் பேச எடுத்துக்கொள்கிறோம். அவரை இந்தியராகிய நாம் நினைவுகூர்வதற்குத் தனிப்பட்ட காரணம் ஒன்றும் உண்டு. அதனை உரிய இடத்தில் கூறுவோம்.

நியூயார்க் நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியில் ஆர்ச்சர்டு தெரு என்றொரு தெரு உள்ளது. அதன் 97ஆம் எண் கட்டடம் 1863ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது. ஏழைக் குடும்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த ஒண்டுக்குடித்தன வீடு அது. ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் அங்கே குடியிருந்தனர். 1891ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சாம் ஜாஃபி பிறந்தது அந்த வீட்டில்தான். பெற்றோர் ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த யூதர்கள். தந்தை நகைத் தொழில் செய்தவர். தாயார் கடல் கடந்து வருமுன் ஒதெஸ்ஸா நகரில் இத்திஷ் மொழி நாடக மேடையில் நடித்தவர். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டு மொழியாகிய இத்திஷ், நியூயார்க்கில் அக்காலத்தில் ஒரு பெரும் நாடக உலகையே படைத்திருந்தது. பகலெல்லாம் தையற்கூடங்களில் உழைத்தவர்கள் இரவில் தம் தாய்மொழி நாடகத்தைக் கண்டு களித்தனர். ஊர் விட்டு ஊர் வந்து, அங்கே சங்கம் கூட்டித் தம் மொழியில் நாடகம் போடும் மக்களின் ஆவல் எத்தகையது என்பதை நம் நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சிறுவனாயிருந்த ஜாஃபி தம் தாயாருடன் அந்த மேடைகளில் ஏறியவர்.

இருந்தும் அவர் முதலில் தேர்ந்தெடுத்த தொழில் நடிப்பன்று. ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிக் கல்வி அளித்த நியூயார்க் சிட்டி கல்லூரியில் பயின்று 1912ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பின்னர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்றார். பிராங்க்ஸ் பகுதியில் மாணவர்களைக் கல்லூரிப் படிப்புக்கு ஆயத்தம் செய்யும் ஒரு கல்வி நிலையத்தில் கணித ஆசிரியராகப் பணியாற்றினார். கரும்பலகையின் முன் சுண்ணக்கட்டியுடன் நின்ற அந்த ஆண்டுகள் வீண் போகவில்லை. அவர் வாழ்க்கையில் கரும்பலகை மீண்டும் மீண்டும் வந்து நிற்பதை நாம் காணப்போகிறோம்.

1915ஆம் ஆண்டளவில் அவர் வாஷிங்டன் ஸ்குவேர் பிளேயர்ஸ் என்ற நாடகக் குழுவில் சேர்ந்தார். அடுத்த பத்தொன்பது ஆண்டுகள் மேடையே அவருடைய பள்ளி. ஷோலம் ஆஷ் என்னும் இத்திஷ் எழுத்தாளரின் 'பழிவாங்கும் கடவுள்' என்ற நாடகம் ஆங்கிலத்தில் நடிக்கப்பெற்றபோது அதில் இவரும் இருந்தார். 1923ஆம் ஆண்டில் அந்நாடகம் ஆபாசமானது எனக் குற்றம் சாட்டி அதன் நடிகர்களையே நீதிமன்றத்தில் நிறுத்தினர். கீழ் நீதிமன்றத்தின் தண்டனைத் தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் பின்னர் மாற்றியது. மேடையில் பேசிய சொல்லுக்காகக் கூண்டில் நிற்க நேரிடும் என்பதை நடிகர்கள் அன்றே அறிந்துகொண்டனர். 1925ஆம் ஆண்டில் 'ஜாஸ் சிங்கர்' நாடகத்தில் யூடெல்ஸன் என்னும் பாத்திரத்தை ஏற்றார். இந்நாடகமே பின்பு பேசும்பட யுகத்தைத் தொடங்கிவைத்த படமாயிற்று.

அவருக்குப் பெரும்புகழ் தந்தது 1930ஆம் ஆண்டில் பிராட்வே அரங்கேறிய 'கிராண்ட் ஹோட்டல்'. கிரிங்கலைன் என்ற எளிய கணக்கர் ஒருவர்; தமக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டது என மருத்துவர் கூறக் கேட்டு, வாழ்நாளெல்லாம் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு பெர்லினின் ஆடம்பர விடுதிக்கு வந்து, இதுகாறும் தாம் வாழாத வாழ்வைச் சில நாளேனும் வாழ முற்படுகிறார். அந்த வேடத்தில் ஜாஃபி நானூறுக்கும் மேற்பட்ட முறை மேடையேறினார். 1932ஆம் ஆண்டில் அது திரைப்படமானபோது அப்பாத்திரம் லயனல் பாரிமோருக்குச் சென்றது. மேடையில் ஒருவர் உருவாக்கிய பாத்திரத்தைப் பெயர் பெற்ற மற்றொருவரிடம் அளிப்பது திரையுலகின் பழைய வழக்கம்.

திரைப்படம் அவரை நாடி வந்தபோது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. 1934ஆம் ஆண்டில் ஜோசப் வான் ஸ்டெர்ன்பெர்க் இயக்கிய 'தி ஸ்கார்லெட் எம்ப்ரெஸ்' என்னும் படத்தில், பிற்காலத்தில் ரஷ்யப் பேரரசியாக விளங்கிய காதரீனின் அறிவு திரிந்த கணவர் மூன்றாம் பீட்டராக அவர் தோன்றினார். காதரீனாக நடித்தவர் புகழின் உச்சியிலிருந்த மார்லின் டீட்ரிக். அப்பேரழகிக்கு எதிரே, அகல விழித்த கண்களும் அசட்டுச் சிரிப்புமாக ஜாஃபி நிற்கும் காட்சி காண்போரை நடுங்கச் செய்வது. ரஷ்யப் பேரரசில் வாழ முடியாது வெளியேறிய யூதப் பெற்றோரின் மகன், அதே பேரரசின் அரசராக வேடம் புனைந்தார் என்பதையும் இங்குக் குறித்துக்கொள்ளலாம்.

மூன்றாண்டுகளுக்குப் பின், 1937இல், ஃபிராங்க் காப்ரா என்ற இயக்குநர் ஜேம்ஸ் ஹில்டனின் 'லாஸ்ட் ஹொரைசன்' நாவலைப் படமாக்கினார். திபெத்திய மலைகளுக்கிடையே மறைந்து கிடக்கும் ஷாங்ரிலா என்னும் கற்பனைப் பள்ளத்தாக்கு அதன் களம். அங்குள்ள மடத்தின் தலைமை லாமாவுக்கு இருநூறு வயதுக்கு மேல். அவ்வேடத்துக்குக் காப்ரா முதலில் எண்ணிய முதிய நடிகர் ஒருவர் காலமானார். அடுத்து எண்ணியவரும் படப்பிடிப்புக்கு முன் மறைந்தார். பின்னரே நாற்பத்தைந்து வயதான ஜாஃபி தேர்ந்தெடுக்கப்பட்டார். படநிலையத் தலைவருக்கு இது பிடிக்கவில்லை. ஜாஃபி நடித்த காட்சிகளை விலக்கிவிட்டு வால்ட்டர் கனலி என்ற மற்றொரு நடிகரைக் கொண்டு அவற்றை மீண்டும் எடுத்தனர். அதுவும் திருப்தி தராமற்போகவே, திரும்பவும் ஜாஃபியையே அழைத்தனர். படத்தில் அவர் அசைவதே அரிது. மெழுகுவர்த்தியின் மங்கிய ஒளியில் அமர்ந்து, போர் வரப்போகிறது, உலகின் அழகிய பொருள்களெல்லாம் அழியப்போகின்றன என்று மெல்லிய குரலில் பேசுகிறார். முதுமையை ஒப்பனையாலன்றி மூச்சினால் காட்டினார் என்றே நாம் சொல்லுவோம். ஒவ்வொரு சொற்றொடருக்கும் இடையில், அடுத்த மூச்சு வருமா என நாம் காத்திருக்கிறோம்.

இனி, நாம் முன்னர்க் கூறிய தனிப்பட்ட காரணத்துக்கு வருவோம். 1939ஆம் ஆண்டில் ஆர்.கே.ஓ. நிறுவனம் 'கங்கா தீன்' என்னும் படத்தை வெளியிட்டது. கிப்ளிங் 1890ஆம் ஆண்டில் எழுதிய செய்யுள் ஒன்றின் பெயரையும் அதன் தலைமைப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு, ஹாலிவுட் எழுத்தாளர்கள் ஒரு கதையைப் பின்னினர். ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கினார். கேரி கிராண்ட், விக்டர் மெக்லாக்லன், இளைய டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ் ஆகிய மூவரும் இந்தியாவிலுள்ள பிரிட்டிஷ் படையின் சார்ஜெண்டுகள். கங்கா தீன் அப்படைக்குத் தண்ணீர் சுமக்கும் பிஸ்தி. ஆட்டுத்தோல் துருத்தியில் நீர் நிரப்பித் தோளில் சுமந்து செல்லும் பிஸ்திகளை வட இந்திய நகரங்களின் பழைய வீதிகளில் கண்டவர்கள் நம் நேயர்களுள் இருக்கக்கூடும். அந்த பிஸ்திதான் சாம் ஜாஃபி. அவ்வேளை அவருக்கு வயது நாற்பத்தேழு. உடலெங்கும் கருநிறம் பூசி, தலைப்பாகை கட்டி, அரையில் துணி சுற்றி அவரை நிறுத்தினர். கைபர் கணவாய்ப் பக்கத்து மலைகளாகக் காட்டப்பட்டவை கலிபோர்னியா மாநிலத்தில் லோன் பைன் என்னும் சிற்றூரை அடுத்த பாறைக் குன்றுகள்.

அவ்வேடத்துக்கு முதலில் விரும்பப்பட்டவர் சாபு. மைசூர் சமஸ்தானத்து யானைப்பாகனின் மகனாகப் பிறந்து, 1937இல் வெளிவந்த 'யானைச் சிறுவன்' படத்தின் மூலம் உலகப் புகழ் பெற்ற இளைஞர் அவர். அவரை ஒப்பந்தத்தில் வைத்திருந்த அலெக்ஸாண்டர் கார்டா விட்டுக்கொடுக்க மறுத்துவிட்டார். எனவே ஓர் இந்தியச் சிறுவன் ஏற்கவேண்டிய பாத்திரம் நியூயார்க் யூதர் ஒருவரிடம் வந்து சேர்ந்தது. இந்தியராக இத்துணை இயல்பாக எவ்வாறு நடித்தீர் எனப் பிற்காலத்தில் ஒருவர் வினவியபோது, சாபுவை மனத்தில் நினைத்துக்கொண்டே நடித்தேன் என்று அவர் விடையளித்தார். இந்தியாவைக் காணாத நடிகர் ஒருவருக்கு இந்தியா என்பது திரையில் கண்ட ஓர் இளைஞரின் குரலும் அசைவுமே! அயல்மொழி வழங்கும் ஊர்களில் வாழும் நாம், பேச்சின் ஓசை ஒன்றைக் கொண்டே ஒருவனை அளந்து முடித்துவிடும் வழக்கத்தை நன்கு அறிவோம். ஆதலால் இச்செய்தியைக் கேட்டு முழுமையாகச் சிரிக்கவும் நமக்கு இயலவில்லை.

படத்தில் ஒரு காட்சி உண்டு. படைவீரனாக வேண்டும் என்பது கங்கா தீனின் அடங்காத ஆசை. ஒருவரும் காணவில்லை என்றெண்ணி, அவன் தனியே நின்று அணிவகுப்புப் பயிற்சி செய்து பார்க்கிறான். அதனைக் கண்டுவிட்ட கேரி கிராண்ட் நகைப்புடன் அவனுக்குக் கட்டளையிட்டு நிற்கும் முறையைத் திருத்துகிறார். எழுதியவர்கள் அதனை வேடிக்கையாகவே கருதியிருப்பர். ஜாஃபியோ அதனை வேடிக்கையாக நடிக்கவில்லை. அந்த மெலிந்த மனிதனின் நிமிர்வில் ஒரு மானம் தெரிகிறது. முடிவில், பொன் வேய்ந்த கோயிற் கோபுரத்தின் மேல் குற்றுயிராக ஏறி, பியூகிள் ஊதி, மறைந்திருக்கும் பகைவரைப் பற்றிப் பிரிட்டிஷ் படைக்கு எச்சரிக்கை செய்துவிட்டு அவன் இறக்கிறான். இறந்த பின் அவனுக்குக் கார்ப்பரல் பதவி அளிக்கப்படுகிறது. பிரிட்டிஷ் சீருடை அணிந்து மலர்ந்த முகத்துடன் அவன் வணக்கம் செலுத்தும் தோற்றத்துடன் படம் முடிகிறது.

இப்படத்தை நம் நாட்டவர் எவ்வாறு வரவேற்றிருப்பர் என்பதை ஊகிப்பது கடினமன்று. தேசிய இயக்கம் வலுப்பெற்றிருந்த காலம் அது. காளியை வழிபடுவோரைக் கொலைத்தொழிலோராகக் காட்டி, தன் நாட்டாரைக் காட்டிக்கொடுப்பவனை வீரனாக்கிய படம் அது. பம்பாயிலிருந்து வெளிவந்த 'பிலிம்இந்தியா' என்ற ஆங்கில இதழின் ஆசிரியர் பாபுராவ் படேல் இதனைக் கடுமையாக எதிர்த்தார். வங்காளத்திலும் பம்பாய் மாகாணத்திலும் படம் தடை செய்யப்பட்டது.

இதே படத்தைப் பற்றி ஜெர்மானிய நாடக ஆசிரியர் பெர்ட்டோல்ட் பிரெக்ட் எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. நாஜி ஆட்சியினால் தம் நாட்டை விட்டு வெளியேறி அயல்நாட்டில் வாழ்ந்துவந்த அவர், படத்தைக் கண்டபோது தம் நெஞ்சும் நெகிழ்ந்தது, தாமும் கைதட்ட விரும்பினார், சிரிக்கவேண்டிய இடங்களிலெல்லாம் சிரித்தார் என ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். இந்தியர் பழம்பெரும் பண்பாடு உடையவர் என்பதும், கங்கா தீனைத் துரோகியாகவும் காண இடமுண்டு என்பதும் அவருக்குத் தெரியாமலில்லை. அறிவு மறுத்தது, உள்ளம் இசைந்தது. கலையின் இந்த வலிமை அவரை அச்சுறுத்தியது. இயக்குநரின் திறமைக்கும் இதில் பங்கு உண்டு. எனினும் பெரும்பங்கு ஜாஃபிக்கே உரியது என்பது நம் கருத்து. சாதாரண நடிகர் ஒருவர் அவ்வேடத்தை ஏற்றிருந்தால் கங்கா தீன் ஒரு கோமாளியாகவே நின்றிருப்பான். நாமும் எளிதில் வெறுத்து ஒதுக்கியிருப்போம். ஜாஃபி அவனுக்கு ஓர் உள்ளம் கொடுத்துவிட்டார். பொய்யான கதைக்கு மெய்யான மனிதன் ஒருவனை அளித்ததனால் அந்தப் பொய் மேலும் உறுதி பெற்றது. இதற்காக அவரைப் பாராட்டுவதா, குறை கூறுவதா என்றால், இரண்டும் ஒருங்கே செய்யவேண்டியதுதான். அவருடைய நடிப்பைக் கண்டு கண் கலங்குவது குற்றமன்று. கலங்கியது எதற்காக என்று பின்னர் வீட்டில் அமர்ந்து எண்ணிப் பார்க்காதிருப்பதே குற்றம்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அவர் செய்த ஒரு பணியை இங்குச் சொல்லவேண்டும். 1943ஆம் ஆண்டில், நியூயார்க் பொது நூலகத்தின் நாடகப் பகுதியைக் கவனித்துவந்த ஜார்ஜ் ஃபிரீட்லியுடன் சேர்ந்து 'ஈக்விட்டி லைப்ரரி தியேட்டர்' என்ற அமைப்பை அவர் நிறுவினார். வேலையின்றி இருந்த நடிகர்களைக் கொண்டு நூலகக் கிளைகளின் சிறு அரங்குகளில் நாடகம் நடத்துவது அதன் நோக்கம். நடிகனுக்கு வேலை இல்லாத நாள் என்பது ஊதியம் இல்லாத நாள் மட்டுமன்று. குரலும் உடலும் பழக்கம் தவறும் நாளுமாகும். அவர்களுக்குப் பயிற்சி, ஏழை மக்களுக்கு நல்ல நாடகம். நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அது நடந்துவந்தது.

1950ஆம் ஆண்டில் ஜான் ஹூஸ்டன் இயக்கத்தில் வெளிவந்த 'தி அஸ்பால்ட் ஜங்கிள்' ஜாஃபியின் திரைவாழ்வின் உச்சம். மரிலின் மன்ரோ ஒரு சிறு வேடத்தில் தோன்றிய படம் என்றே இன்று பலர் இதனை அறிவர். சிறையிலிருந்து விடுதலை பெற்று வரும் ரீடன்ஷ்னைடர் என்னும் ஜெர்மானியர், நகைக் களஞ்சியம் ஒன்றைக் கொள்ளையிட நுணுக்கமான திட்டம் வகுக்கிறார். அவரை எல்லோரும் 'டாக்' என அழைக்கின்றனர். பண்பான பேச்சு, துப்புரவான உடை, கையில் சுருட்டு. கணித ஆசிரியர் ஒருவர் தேற்றத்தை விளக்குவது போலக் கொள்ளையை விளக்குகிறார். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு கூலி, எத்தனை நிமிடம், எந்தக் கதவு என அனைத்தும் கணக்கில் அடங்கும்.

கணக்கில் அடங்காதது அவருடைய சொந்தப் பலவீனம் ஒன்றே. நகரைவிட்டுத் தப்பி ஓடும் வழியில் ஒரு சிற்றுண்டிச் சாலையில் தங்குகிறார். அங்கே காசு போட்டால் பாடும் இசைப்பெட்டி ஒன்று இருக்கிறது. இளம்பெண் ஒருத்தி ஆட விரும்புகிறாள், கையில் காசில்லை. டாக் தம் பையிலிருந்து நாணயங்களை எடுத்து நீட்டிவிட்டு, அவள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே அமர்ந்துவிடுகிறார். வெளியே வரும்போது போலீசார் நிற்கின்றனர். எவ்வளவு நேரமாக வெளியே நின்றீர்கள் என அவர் கேட்கிறார். இரண்டு மூன்று நிமிடம் என்கின்றனர். ஓர் இசைத்தட்டு ஓடி முடியும் நேரம் என்று தமக்குள் கணக்கிட்டுக்கொள்கிறார். ஜாஃபி இதனைச் சொல்லும்போது முகத்தில் சினமில்லை, துயரமில்லை. தம் விடையில் நேர்ந்த பிழை எந்த வரியில் உள்ளது எனக் கண்டுகொண்ட மாணவனின் அமைதியே உள்ளது. வெனிஸ் திரைப்பட விழாவில் அவ்வாண்டின் சிறந்த நடிகர் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆஸ்கர் துணைநடிகர் பரிசுக்கும் அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பரிசு வேறொருவருக்குச் சென்றது.

ஐம்பத்தொன்பது வயதில் இத்தகைய புகழ் வாய்த்த நடிகருக்கு அடுத்த பத்தாண்டுகளும் வேலை குவிந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. அதே 1950ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 'ரெட் சானல்ஸ்' என்னும் சிறு வெளியீடு ஒன்று வந்தது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பணிபுரிந்த 151 பேரைப் பொதுவுடைமைச் சார்புடையவர் என ஐயுறத்தக்கவராக அது பட்டியலிட்டது. அதில் ஜாஃபியின் பெயரும் இருந்தது. இது அரசாங்க ஆணையன்று, நீதிமன்றத் தீர்ப்புமன்று. தனியார் சிலர் அச்சிட்ட ஏடு. ஆயினும் விளம்பரம் தரும் நிறுவனங்கள் அதனைக் கண்டு அஞ்சின. அவற்றை நம்பியிருந்த ஒலி, ஒளி நிலையங்களும் அஞ்சின. படநிலையங்களோ 1947ஆம் ஆண்டிலிருந்தே, பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழுவுக்கு அஞ்சித் தாமே பட்டியல்கள் வைத்திருந்தன. "நீ இன்ன குற்றம் செய்தாய்" என ஒருவரும் சொல்வதில்லை. தொலைபேசி மணி ஒலிப்பது நின்றுவிடும், அவ்வளவே. குழுவின் முன் சென்று நண்பர்களின் பெயர்களைச் சொன்னவர்கள் மீண்டும் வேலை பெற்றனர். 1947ஆம் ஆண்டில் யூத வெறுப்பைக் கண்டித்து வெளிவந்த 'ஜென்டில்மென்ஸ் அக்ரிமென்ட்' படத்தில் ஜாஃபியை இயக்கிய எலியா கஸான், 1952இல் அவ்வாறு பெயர்களைச் சொன்னவர்களுள் ஒருவர்.

அரசராகவும் லாமாவாகவும் பிஸ்தியாகவும் கொள்ளைக்காரராகவும் மாற வல்லவராயிருந்த மனிதருக்கு அந்தப் பட்டியல் ஒரே ஒரு வேடத்தைக் கொடுத்தது. ஐயத்துக்குரியவர் என்ற வேடம். அதனை அவரால் களைய இயலவில்லை.

கதவு முழுதும் மூடுமுன் ஒரு படம் வந்தது. 1951இல் ராபர்ட் வைஸ் இயக்கிய 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்'. வேற்றுக் கோளிலிருந்து வந்த ஒருவர், உலக நாடுகள் தம் போர்வெறியை விடாவிடில் நேரும் கேட்டை எச்சரிக்க முயல்கிறார். அவருடைய சொல்லைக் காதுகொடுத்துக் கேட்கும் பேராசிரியர் பார்ன்ஹார்ட்டாக ஜாஃபி நடித்தார். கலைந்த தலைமுடியும் கனிந்த கண்களுமாக வரும் அப்பேராசிரியர் ஐன்ஸ்டைனை நினைவூட்டுவார். ஜாஃபியை அமர்த்தலாகாது எனத் தயாரிப்பாளர் ஜூலியன் பிளாஸ்டைனுக்கு நெருக்கடி வந்தது. அவர் படநிலையத் தலைவர் டாரில் ஸானக்கிடம் முறையிட, ஜாஃபி இருக்கட்டும் என அவர் இசைந்தார். பேராசிரியர் வீட்டில் இல்லாத நேரத்தில் வேற்றுக்கோளினர் உள்ளே வந்து, கரும்பலகையில் அரைகுறையாக நிற்கும் கணக்கைத் திருத்திவிட்டுச் செல்கிறார். திருத்தியது யார் எனத் தேடிக் காணும் பேராசிரியரின் முகத்தில் எரிச்சல் சிறிதுமில்லை. அறிவுப்பசி மட்டுமே தெரிகிறது. கணக்கு ஆசிரியராயிருந்தவர் என்பது அங்கே அவருக்குத் துணை நின்றது.

பின்னர் அவருக்குக் கணிதமே மீண்டும் சோறிட்டது. அறுபது வயதைத் தாண்டிய அவர் தம் சகோதரியின் வீட்டில் தங்கி, பழையபடி கணிதம் கற்பித்து வாழ்ந்தார் என அவரைப் பற்றி எழுதியோர் குறிப்பிடுகின்றனர். மேடை அவரை முற்றிலும் கைவிடவில்லை. 1954இல் நியூயார்க் பீனிக்ஸ் அரங்கில் செகாவின் 'கடற்பறவை' நாடகம் நடந்தபோது முதியவர் ஸோரினாக அவர் தோன்றினார். விரும்பிய எதையும் அடையாமலே முதுமை எய்திவிட்டேன் எனப் புலம்பும் பாத்திரம் அது. 1956இல் நடிகை பெட்டி ஆக்கர்மனை மணந்தார்; அவருடைய முதல் மனைவி 1941இலேயே காலமாகியிருந்தார். 1957இல் பிரெஞ்சுக்காரர் குளூஸோ தம் படத்துக்கு அவரை அழைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு ஜான் ஹூஸ்டன் ஜப்பானில் நிகழும் தம் படமொன்றில் வாய்ப்பு அளித்தார். பட்டியலை உடைத்தவை இத்தகைய தனிமனிதர்களின் துணிவேயன்றி வேறில்லை.

1959ஆம் ஆண்டில் வில்லியம் வைலரின் 'பென்ஹர்' வெளிவந்தது. நம் நாட்டுப் பெருநகரங்களிலும் பெருங்கூட்டம் கண்ட படம். நேயர்களுள் மூத்தோர் பலர் அதன் தேரோட்டத்தைக் கண்டிருப்பர். அதில் ஹர் குடும்பத்தின் நம்பிக்கைக்குரிய காரியஸ்தர் சைமனிடிஸ் ஜாஃபிதான். தம் எசமானரைப் பற்றி வாய் திறக்க மறுத்தமையால் ரோமானியரின் சித்திரவதைக்கு ஆளாகிக் கால்கள் முறிந்தவர் அவர். நா இழந்த மற்றொரு பணியாள் அவரைத் தூக்கிச் செல்கிறார். நாங்கள் இருவரும் சேர்ந்தால் ஒரு முழு மனிதர் என்று சைமனிடிஸ் சிரிக்கிறார். பெயர் சொல்ல மறுத்துத் துன்புற்றவர் என்னும் பாத்திரத்தை அந்நாளில் அவருக்கு அளித்தது வைலர் அறிந்தே செய்த செயலா என்று நாம் சொல்ல மாட்டோம். காண்போர் உள்ளத்தில் அவ்வெண்ணம் எழுவதைத் தடுக்கவும் இயலாது.

முன்பு அவரை விலக்கிய அதே தொலைக்காட்சியே பின்பு அவரை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுசென்றது. 1961ஆம் ஆண்டு அக்டோபரில் ஏ.பி.சி. நிறுவனம் 'பென் கேஸி' என்னும் மருத்துவமனைத் தொடரைத் தொடங்கியது. மூளை அறுவை மருத்துவராகிய முன்கோபக்கார இளைஞர் கேஸியாக வின்ஸ் எட்வர்ட்ஸும், அவருக்கு வழிகாட்டும் முதியவர் டாக்டர் ஸோர்பாவாக ஜாஃபியும் நடித்தனர். ஜாஃபியின் மனைவியும் அத்தொடரில் ஒரு மருத்துவராக நடித்தார். ஒவ்வொரு வாரமும் தொடர் ஆரம்பிக்கையில் ஒரு கை கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் ஐந்து குறிகளை வரையும். ஆண், பெண், பிறப்பு, இறப்பு, முடிவின்மை என ஜாஃபியின் குரல் ஒவ்வொன்றாகச் சொல்லும். திரையில் பல ஆண்டு உழைத்துப் பெறாத அறிமுகத்தை ஒரே பருவத்தில் அக்குரல் பெற்றது. தொலைக்காட்சியின் இயல்பு அது: திரையரங்கில் நாம் நடிகரைத் தேடிப் போகிறோம், இங்கே அவர் வாரந்தோறும் நம் வீட்டுக்கு வந்து, உறவினர்போல் ஆகிவிடுகிறார். ஆனால் அதில் ஒரு குறையும் உண்டு. பல முகம் கொண்டவருக்கு அது ஒரே முகத்தை ஒட்டவைத்துவிடும். 1965இல் ஜாஃபி தொடரிலிருந்து விலகினார்.

எழுபது வயதைக் கடந்தபின் அவர் ஏற்ற வேடங்களைக் கணக்கிட்டால் வியப்பே மிஞ்சும். 1969இல் 'நைட் கேலரி' தொடரின் முன்னோட்டப் படத்தில், நாஜி முகாமிலிருந்து உயிர் தப்பி, தம்மைக் கொடுமை செய்தவனை அடையாளம் காணும் முதியவர். 1971இல் குழந்தைகளுக்கான வால்ட் டிஸ்னி படமொன்றில் அச்சுறுத்தும் புத்தக வணிகர். 1975இல் புகழ்பெற்ற துப்பறியும் தொடரான 'கொலம்போ'வில் ஜேனட் லீயின் கணவராக வரும் மருத்துவர். 1980இல் ஒரு விண்வெளிப் படத்தில் உடலே இல்லை. இயந்திரத்தின்மேல் தலை மட்டும். உடலசைவுக்கு இடமே இல்லாத அவ்வேடத்தையும் எண்பத்தொன்பதாம் வயதில் அவர் மறுக்கவில்லை. கங்கா தீனில் உடலாலும், லாமாவில் மூச்சாலும் நடித்தவர் இங்கே கண்களால் மட்டும் நடித்தார்.

1984ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், தொண்ணூற்று மூன்றாம் வயதில், பெவர்லி ஹில்ஸில் அவர் காலமானார்.

அவர் பிறந்த ஆர்ச்சர்டு தெரு வீடு அழியவில்லை. 1935ஆம் ஆண்டளவில் மேல்மாடிக் குடித்தனங்களை வெளியேற்றி அடைத்துவிட்டனர். அரைநூற்றாண்டுக் காலம் அவ்வறைகள் பூட்டியபடியே கிடந்தன. 1988ஆம் ஆண்டில் அங்கே குடியேறிகளின் வாழ்வைக் காட்டும் அருங்காட்சியகம் ஒன்று நிறுவப்பட்டது. இருண்ட மாடிப்படிகளில் ஏறிச் சென்று, ஒரு குடும்பம் முழுதும் சமைத்து, தைத்து, உறங்கிய சிறு அறைகளை இன்று பார்வையாளர்கள் காண்கின்றனர். அங்கே வாழ்ந்து சென்ற ஏறத்தாழ ஏழாயிரம் பேரில் பெரும்பாலோர் யாரும் அறியாத உழைப்பாளிகள். தையற்காரர், மதுக்கடைக்காரர், சலவைத் தொழிலாளர் எனச் சிலருடைய கதைகளை வழிகாட்டிகள் எடுத்துச் சொல்கின்றனர்.